மீதி ஒன்றல்ல என்றவருக்கு

எண்ணி அறிந்ததை அஞ்சாது இயம்பிய எங்கள் மூத்தவரே! வகுத்துப் பாராமல் வாய்திறவாத வல்லமையே! இவ்வாய்வகத்தார் அனைவரும் 'மீதி அக்கா' என்றழைக்கும் பேரன்பிற்குரியவரே! வணக்கம்.

உங்கள் பணிநிறைவு விழாவாகிய இவ்விழாவில் படிப்பதற்கென்று அலுவலகம் எங்களுக்கு ஒரு மடலை எழுதியே அனுப்பியது. "இயக்குநர் கண்டறிந்த மாபெரும் பகா எண்ணுக்கு உறுதுணையாய் நின்ற உத்தமி" என்று அதில் உங்களைப் புகழ்ந்திருந்தார்கள். அம்மடலைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பொய்யை மாலையாக்கி உங்கள் கழுத்தில் போட எங்களுக்குக் கை வரவில்லை.

அவையோர் அறியச் சொல்கிறோம். இரண்டை ஒரு பெரிய பகா எண் சொல்லும் தடவைகள் அடுக்கிப் பெருக்கி, ஒன்றைக் கழித்துப் பெற்ற எண் அது. எழுதினால் பல லட்சம் இலக்கங்கள் நீளும். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் அது மீதியின்றி வகுபடாது என்று காட்ட, இயக்குநர் ஒரு சோதனை செய்தார். சிறிய எண் ஒன்றை எடுத்து, அந்தப் பேரெண்ணுக்கு ஒன்று குறைந்த தடவைகள் அடுக்கிப் பெருக்கி, பேரெண்ணால் வகுக்க வேண்டும். மீதி ஒன்றல்லவெனில் அது பகா எண் அன்று. ஒன்றெனில், ஐயம் இன்னும் தீரவில்லை என்பதே பொருள். அவர் எடுத்த சிறிய எண் இரண்டு. இவ்வகைப் பேரெண் எதுவாயினும், பகா எண்ணோ அல்லவோ, இரண்டுக்கு மீதி ஒன்றாகத்தான் வரும்! வேறோர் எண்ணைக் கொண்டு சோதிக்க, கண்டுபிடிப்பை அறிவிக்கக் குறித்திருந்த விழாத் தேதி இடந்தரவில்லை. அதைப் பகா எண் என்று சாற்றும் கல்வெட்டு வாயிற்சுவரில் ஏறிவிட்டது.

நீங்கள் மட்டும் மூன்றை வைத்துச் சோதித்தீர்கள். மீதி ஒன்றல்ல என்று கூட்டத்தில் எழுந்து சொன்னீர்கள்.

"அப்போ எதால வகுபடும்? அதைச் சொல்லுங்க பார்ப்போம்!" என்றார் இயக்குநர்.

"தெரியாது சார். ஆனா வகுபடும்."

"வகுபடுமாம், எதாலன்னு தெரியாதாம்!" என்று அவர் சுற்றிலும் பார்த்தார். அவை சிரித்தது.

"ரெண்டாலயே கட்டின எண்ணை ரெண்டை வெச்சே சோதிச்சிருக்கீங்க. மாப்பிள்ளை எப்படின்னு அவரோட அம்மாகிட்டயே விசாரிச்ச மாதிரி இருக்கு சார்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மறுவாரமே உங்கள் மேசை, கழித்துப்போட்ட கணினிகள் கிடக்கும் அறைக்குப் போனது. பதவி உயர்வு உங்களைத் தாண்டித் தாண்டிப் போனது. நீங்களோ அக்கணினிகளைத் தூசு தட்டி, அதே கணக்கை மறுபடியும் ஓட்டினீர்கள்!

எங்கள் கட்டுரைகளை நீங்கள் ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்றதில்லை. "எங்க தப்புன்னு இன்னும் தெரியல" என்பதே உங்கள் உச்சப் பாராட்டு. அதற்காக நாங்கள் வாரக்கணக்கில் உழைத்திருக்கிறோம்.

தவறு யாருக்கும் நேரும்; அதை நாங்கள் வெறுக்கவில்லை. தெரிந்தபின்னும் அதைக் கல்லில் காத்து, சொன்னவரைத் தண்டித்து, இறுதிநாளில் அவரையே அதற்குத் துணைநின்றவராக்கத் துணிந்த துணிச்சலை வெறுக்கிறோம்! இன்று நாங்கள் வாய்மூடி இருந்தால், நீங்கள் வெளியேறியபின் அப்பொய் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டு நிலைத்துவிடும்.

ஆகவே, இதன்கீழ்க் கையொப்பமிடும் ஒவ்வொருவரும் தனித்தனிக் கணினியில் மூன்றை வைத்துக் கணக்கிட்டோம். உங்களுக்கு வந்த மீதியே எங்கள் எல்லோருக்கும் வந்தது. அந்த எண் பகா எண் அன்று. உங்கள் பெயரை முதலாவதாக இட்ட மறுப்புரை இன்று காலை ஆய்விதழுக்குச் சென்றுவிட்டது. அதில் எங்கே தப்பு என்று இன்னும் தெரியவில்லை.

அந்த எண்ணின் காரணி ஒன்று கண்டறியப்படும் நாள்வரை நீங்கள் குன்றா உடல்நலத்தோடு வாழ வேண்டும்! இன்றைய கணினிகளின் வேகத்தைப் பார்த்தால், அது மிக நீண்ட ஆயுள்.

இங்ஙனம்,
எண்கோட்பாட்டுப் பிரிவினர் அனைவரும்

இயக்குநரின் கையொப்பத்திற்கும் கீழே இடம் விட்டிருக்கிறோம். பேனா மேடையிலேயே இருக்கிறது.