மூன்றாவது தட்டு

ஏசியை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் தட்டும் சத்தம் காதில் விழாது.

விடியற்காலை நான்கு மணி. அல் ஐன் போகும் பெரிய சாலையிலிருந்து பிரிந்து மணலுக்குள் போகும் ஒற்றை ரோடு. தை மாத மூடுபனி… வண்டியின் மூக்கு தெரியவில்லை. பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்தவன் ஈசா. நம் ரூம் ஃபாரூக்கின் மச்சான். பக்கத்தில் தலையோடு போர்வையை இழுத்து மூடி ஜைத். பின்னால் ஒரு கட்டு ஈட்டி.

ஈட்டி எதற்கு என்றால், அந்த ரோட்டின் முடிவில் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு கூடாரம் போடுவார்கள். பழைய காலத்து ஐரோப்பா மாதிரி, இரும்பு உடை மாட்டிய இரண்டு பேர் குதிரையில் எதிரெதிரே பாய்ந்து ஈட்டியால் இடித்துக்கொள்வார்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். ஈட்டியின் முனை மட்டும் பால்சா மரம். ரஸ்க் மாதிரி நொறுங்கும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் இரும்புத் தலைக்கவசத்துக்குள் கண்ணுக்கு ஒரு கீற்றுதான் உண்டு. எதிராளி கையில் இருப்பது எந்த மரம் என்று தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம். உன்னை இடிக்கப்போகும் ஈட்டியை முதலில் உன் கேடயத்தில் இரண்டு முறை தட்டிக் காட்டுவார்கள். டொப்… டொப். மெத்து மரம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அதை எதிராளியிடம் கொடுப்பார்கள். கெட்டி மரம் என்றால் டக் என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

தட்டுகிறவனை நம்ப வேண்டும். அவ்வளவுதான் அந்த வேலை.

போன வருடம் அங்கே குதிரை ஏறியவன் ஈசாவின் அண்ணன் அம்மார். லாயத்தில் சாணி அள்ள வந்து, ஏறப் பழகி, இரும்பு மாட்டியவன். அவனுக்குத் தட்டியவன் ஜைத். ஒரே ஊர், ஒரே ரூம், ஒரே சட்டி. ஒரு நாள் தட்டு சரியாகத்தான் கேட்டது. குதிரைகள் ஓடின. அம்மாரின் கண் கீற்றுக்குள் ஒரு மரச் சிம்பு புகுந்தது. எதிரில் வந்த போலந்துக்காரன் பாவம், அவனும் இரும்புக்குள் குருடன். உடைந்த ஈட்டியை மணலில் தேடினார்கள். கிடைக்கவில்லை. விபத்து என்று எழுதினார்கள்.

மய்யித்தைக் குளிப்பாட்டியது ஜைத். ஊருக்குக் கூடவே போனதும் ஜைத். நாலு மாத இத்தாத் துக்கம் முடிந்ததும் அம்மாரின் மனைவி நஜீஹாவைக் கேட்டதும் ஜைத். வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பியபோது, "அவரைவிட நல்லவர் யாரு கெடைப்பாரு?" என்று உம்மாவிடம் மன்றாடியவன் ஈசா. நிக்காஹில் சாட்சிக் கையெழுத்தும் அவனுடையதுதான்.

இப்போது அண்ணன் இடத்தில் ஈசா. அன்று மாலை அவனுக்கு முதல் ஆட்டம். தட்டப்போவது ஜைத்.

சரி… ரோட்டுக்கு வருவோம்.

ஈசாவின் பக்கத்துக் கதவில் டொப் என்றது. கொஞ்சம் விட்டு, டொப்.

வண்டி அறுபதில் போகிறது. சுற்றிலும் மணல். ஒரு மரம்கூடக் கிடையாது.

கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஈரப் பெயின்ட் வாசனை. அதோடு குதிரை வியர்வை…

பிறகு மூன்றாவது. டக்.

கெட்டி மரம். ஈசாவின் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. போர்வைக்குள்ளிருந்து ஜைத் சொன்னான்:

"தட்டினதத்தாண்டா கொடுத்தேன்."

யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

ஈசா திரும்பிப் பார்த்தான். போர்வை முகத்திலிருந்து விலகியிருந்தது. ஜைத் தூங்கவில்லை. கண்கள் திறந்திருந்தன. நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன காக்கா சொன்னிய?" அண்ணனைப் போலவே ஜைத்தையும் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாத்து ஓட்டு."

கூடாரம் வரும்வரை 'கொடுத்தேன்' என்ற அந்த ஒரு சொல்லை ஈசா மென்றுகொண்டே வந்தான். ஒன்றைத் தட்டிவிட்டு வேறொன்றைக் கொடுக்கலாம் என்பது அதுவரை அவனுக்குத் தோன்றியதே இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட விரல்களைப் பார்த்தான். வேறு யாருடைய விரல்களோ போல இருந்தன.

மாலை. கூடாரம் நிறைந்த கூட்டம், கறி சுடும் புகை. ஈசா குதிரை மேல். ஜைத் வந்து கேடயத்தில் தட்டினான். டொப்… டொப்.

ஈசா தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"நான் ஓடல."

மேனேஜர் அந்தப் பக்கமிருந்து "யல்லா, யல்லா" என்று கத்தி அவசரப்படுத்தினான். லாயத்துப் பையன்கள் சிரித்தார்கள்.

"பயந்துட்டியாடா?" என்றான் ஜைத். "ஒங்க காக்கா மானத்த வாங்காதே."

"அப்ப நீங்க ஏறுங்க காக்கா. நான் தட்டுறேன்."

ஜைத்துக்கும் குதிரை ஓட்டத் தெரியும். எல்லோருக்கும் அது தெரியும். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவனால் முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

ஏறினான். இரும்பு மூடியது.

அந்த வருடம் எல்லா ஈட்டிக்கும் சிவப்பு அடித்திருந்தார்கள். அம்மார் இருந்த வருடம் பச்சை. ஈசா கட்டிலிருந்து ஒரு சிவப்பை உருவி, ஜைத்தின் கேடயத்தில் தட்டினான்.

டொப்… டொப்.

இரும்புக்குள்ளிருந்து ஜைத்தின் குரல்:

"இன்னொரு தடவ தட்டு."

டொப்… டொப்.

"ஈசா… அதத்தானே கொடுப்பே?"

ஈசா நேராக நடந்தான். எங்கும் நிற்கவில்லை. கையிலிருந்த அதே சிவப்பு ஈட்டியை எதிர்முனையில் போலந்துக்காரனிடம் நீட்டினான்.

கொடி இறங்கியது. குதிரைகள் கிளம்பின.

கூட்டம் கேட்கப் பழகிய நொறுங்கல் அன்று கேட்கவில்லை. டக் என்று ஒன்று. பிறகு மணலில் இரும்பு விழும் சத்தம்.

ஆஸ்பத்திரியில் ஜைத்தின் கண் வழியாக ஒரு சிம்பை எடுத்தார்கள். கெட்டி மரம். பச்சைப் பெயின்ட். டாக்டரின் கையுறையில் ஒட்டியது… இன்னும் காயவில்லை.

கூடாரம் முழுக்கத் தேடினார்கள். பச்சை ஈட்டி ஒன்றுகூட இல்லை. உடைந்த மிச்சமும் கிடைக்கவில்லை.

போலீஸ்காரர் ஈசாவை உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டார். ஈசா சொன்னான்:

"தட்டினதத்தான் கொடுத்தேன்."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவன் காதில் விழுந்தது. தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

டம்ளர் கண்ணாடியில் ஐந்து விரலும் பச்சையாகப் பதிந்திருந்தன.