பிரிஜெட் முதலில்

எங்கள் வீட்டில் காலைக் காப்பியை நான்தான் கலக்குவேன். நாற்பத்தாறு வருசமாக அப்படித்தான். பால் சேர்க்காத காப்பி ஓ, சீனி இரண்டு கரண்டி. பிரிஜெட் ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள், அப்புறம்தான் நான். காப்பி மட்டுமில்லை, பசாரில் வாங்கிய நண்டு, பக்கத்து வீட்டுப் பொங்கல், எதுவானாலும் முதலில் என் பெண்சாதிதான். சின்ன வயதில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்த மருந்தைக் குடித்து மூன்று நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவன் நான். அன்றோடு யாரையும் நம்புவதை விட்டுவிட்டேன். இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள் ஐயா, மற்றதெல்லாம் உங்களுக்கே விளங்கும்.

டாக்டர் ஷாமளா நல்ல பிள்ளை. எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவிய வீரசாமியின் மகள். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி மந்தமானால் இருதயம் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பதே அவளுக்கு இருபத்திரண்டு வருச வேலை. அந்த ஆராய்ச்சிக்குத்தான் எங்கள் ஊர் கோலா கெத்திலுக்கு வந்து ஆள் சேர்த்தாள். என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "பெர்னார்ட் அங்கிள், உங்க இருதயம் மாட்டு வண்டி மாதிரி போவுது. இந்த மாத்திரைய போட்டா மோட்டார் காடி மாதிரி ஓடும்" என்றாள். தினம் காலையில் ஒன்று. மாதா மாதம் காலி அட்டையைத் திருப்பித் தர வேண்டும்.

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் ஒன்றை நசுக்கி பிரிஜெட்டின் காப்பியில் போட்டேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு நானும் சாப்பிடலாம் என்றுதான் எண்ணம். ஒரு வாரத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே செய்யாத மருந்தை எப்படி நம்புவது? தொடர்ந்தேன். அவளிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மாதம் முடிந்து என் ரத்தத்தை எடுத்தார்கள். கொஞ்சம்கூட மாற்றமில்லை.

"அங்கிள், மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"அட்டைய எண்ணிப் பாரு மா. ஒண்ணு மிச்சம் இருந்தா என்னைக் கேளு."

எண்ணினாள். சரியாக இருந்தது. மருந்தை இரண்டு மடங்காக்கினாள். அடுத்த மாதமும் என் ரத்தம் அசையவில்லை, இன்னும் கூட்டினாள். ஊசி போடுகிற சசிதரன், "அங்கிள் ஒடம்பு இரும்பு லா" என்று என் முதுகில் தட்டினான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு இளமை திரும்பியது. அறுபத்தெட்டு வயது, முட்டி வலிக்காரி, ஒரே வாரத்தில் திரைச்சீலைகளை இரண்டு தடவை துவைத்தாள். ஏணி வைத்து ரம்புத்தான் பறித்தாள். கோயிலில் எல்லாரும் செபத்தின் பாதியில் இருக்கும்போது இவள் ஆமென் சொல்லிவிட்டு அவர்களுக்காகக் காத்திருந்தாள். பசாரில் நாலு பேர் பார்க்க என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"என்னாங்க இப்படி ஊர்ந்துகிட்டு வர்றீங்க? வாங்க லா, பஸ்ஸு போயிரும்."

"பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்குடி."

"அப்ப நடந்தே போவோம்."

நடந்தோம். வழியெல்லாம் சிரித்தோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை.

ஷாமளாவுக்கும் நல்ல நேரம். எவ்வளவு மருந்து போனாலும் அசையாத இருதயம் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாக அலோர் ஸ்டாரில் பெரிய டாக்டர்கள் முன்னால் பேசினாள். திரையில் என் ஈ.சி.ஜி. கோடு சுவர் அளவுக்கு ஓடியது. நான் எழுந்து கையாட்டினேன். கடைசிவரை கைதட்டியவள் பிரிஜெட்தான்.

நாடி பார்க்க சசிதரனிடம் கற்றுக்கொண்டேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவேன், காலண்டரில் எழுதுவேன். தொண்ணூற்றாறு. நூற்றுப் பதினெட்டு. நூற்று நாற்பது. அப்போது வளையலே நடுங்கியது.

"நெஞ்சுக்குள்ள கோழி படபடன்னு அடிக்குதுங்க" என்றாள்.

"சந்தோசம்டி, வேற என்ன" என்றேன்.

பெண்டாங்கில் அவள் தம்பி மகள் மெலிசாவுக்குக் கல்யாணம். அன்று காலை காப்பியில் மூன்று நாள் மருந்தை ஒன்றாகப் போட்டேன். எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசை. மண்டபத்தில் நாலு பாட்டுக்கு ஜோகெட் ஆடினாள், மாப்பிள்ளை வீட்டுப் பையன்களெல்லாம் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாம் பாட்டில் வந்து என் தோளில் தலை சாய்த்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பாட்டு முடிகிறவரை நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

செத்தவள் ரத்தத்தில் அந்த மருந்து நிறைய இருந்ததென்று போலீஸ்காரர்கள் நீங்கள் ஷாமளாவின் ஆராய்ச்சியை மூடிவிட்டீர்கள். அந்தப் பிள்ளைதான் கள்ளத்தனமாகக் கொடுத்தாள் என்கிறீர்கள். தப்பு. கொடுத்தது நான். ஏழு மாதம், தினமும், என் கையால். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சோதித்துப் பார்த்தேன்.

அதுவும் இன்னும் முடியவில்லை. ஓர் ஆளை வைத்து எந்த மருந்தையும் நல்லது கெட்டது என்று சொல்லக்கூடாது என்பது ஷாமளாவே சொன்னது. வீட்டில் இரண்டு அட்டை மிச்சமிருக்கிறது. பிரிஜெட்டின் தங்கை பிலோமினா எனக்குச் சமைத்துப்போட நேற்றே வந்துவிட்டாள். பாவம், நல்ல மனசு. காலைக் காப்பியை மட்டும் நான்தான் கலக்குவேன் என்று சொல்லிவிட்டேன்.