பழைய ரோட்டு வழியா

— இடுப்பு விட்டுப் போச்சு பாப்பா. இந்த நாற்காலியில செத்த நேரம் உக்காந்ததுக்கே இப்படி. மூணு நாள் வேன்ல உக்காந்தா என்னைக் கப்பல்ல ஏத்த வேணாம், நேரா ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுரு.

— அப்பா, அதுக்குத்தானே மூணு நாளாப் பிரிச்சிருக்கேன்? ஒரே மூச்சா ஓட்டினா ஒரு நாள்ல துறைமுகம் போயிரலாம். உங்க இடுப்புக்காகத்தான் நின்னு நின்னு போறோம். சரி, அடுத்தது. முன் சீட்டு யாருக்கு?

— எனக்கு. வழி சொல்ல ஆள் வேணாமா?

— வழியெல்லாம் டிரைவர் போனே சொல்லிரும். முன் சீட்டு உங்க மாப்பிள்ளைக்கு. வளைவு வந்தா அவருக்கு வாந்தி வரும்.

— ரோட்டுலயே வாந்தின்னா கடல்ல என்ன பண்ணப் போறாரு மனுஷன்?

— கப்பல் ஆடாதாம்ப்பா. தம்பி சொன்னான். அது கப்பல் இல்லக்கா, மிதக்குற அடுக்குமாடி வீடுன்னான்.

— அவன் சொல்லுவான். அடித்தட்டுல சன்னல் இல்லாத அறையில நின்னு ஊரான் துணியைத் தொவைக்கிறான். மேல ஆடுதா ஆடலையான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

— அவன் தொவைக்கிறதாலதான் நமக்குப் பாதி விலையில டிக்கெட்டு. கிண்டல் பண்ணாதீங்க. ஆறு வருஷமாக் கேட்டுக் கேட்டு இப்பதான் குடும்பத்தோட வரலாம்னு அவனுக்கு விட்டிருக்காங்க.

— நான் எங்க கிண்டல் பண்றேன்? அதாவது, பெத்தவன் தரையில ரோட்டுக்குத் தார் காய்ச்சினான், புள்ளை தண்ணியில நிக்கிறான். சொன்னேன், அவ்வளவுதான்.

— சரி, அடுத்தது. முதல் நாள் அணைக்கட்டு. பசங்களுக்கு அதுதான் வேணுமாம். ரெண்டாம் நாள் மாமனாருக்காக மலை மேல தங்கறோம். அவரு தலகாணியைக் கையோட கொண்டு வராரு, அதுக்கு ஒரு எடம் வெக்கணும். மூணாம் நாள் மத்தியானம் துறைமுகம். சாயங்காலம் கப்பல்.

— மலையில இருந்து எறங்கி எந்த வழி?

— அது இன்னும் முடிவு பண்ணலப்பா.

— இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? பைபாஸ்தான். வழுக்கிக்கிட்டுப் போகும்.

— பாப்பா! நான் என்ன கேட்டேன், நீ என்ன போட்டிருக்க? பழைய ரோட்டு வழியாப் போகணும்னு நேத்தே சொன்னேனா இல்லையா?

— அம்மா, உள்ள இருந்துக்கிட்டே கத்தாத. இங்க வந்து உக்காரு.

— வந்துட்டேன். இப்ப சொல்லு. நான் என்ன கேட்டேன்? அணைக்கட்டு கேட்டேனா? மலை கேட்டேனா? அந்தக் கப்பலாவது கேட்டேனா? என்னை எங்க வேணா இழுத்துட்டுப் போங்க. வழியில ஒரு எடத்துல வண்டியை நிறுத்துங்க. கால் மணி நேரம். அவ்வளவுதான் கேட்டேன்.

— இவளே, அந்த ரோடு குண்டும் குழியுமாக் கெடக்கு. மாப்பிள்ளை வயித்துல இருக்குறதெல்லாம் டிரைவர் மடியிலதான் வரும்.

— நீங்க போட்ட ரோடுதானே? நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?

— போட்டவன் நான். பாத்துக்கிறவன் நான் இல்லையே.

— அப்ப மெதுவாப் போகட்டும்.

— லாரி வரும்.

— லாரி எந்த ரோட்டுலதான் வரல?

— ஒதுங்க ஒரு கடை கிடையாது. சம்பந்திக்கு மணிக்கு ஒரு தடவை போகணும். அவரை எங்க ஒதுங்கச் சொல்லுவ?

— நாப்பது பேரு அந்த ரோட்டுல ரெண்டு வருஷம் கூடாரம் போட்டுக் குடும்பம் நடத்தினோம். நாம எங்க ஒதுங்கினோமோ அங்க அவரும் ஒதுங்கட்டும்.

— அம்மா, போதும், சிரிப்பு மூட்டாத. அப்பா, நீங்க ஏன் இப்படி முட்டுக்கட்டை போடுறீங்க? அம்மா எதுக்குக் கேக்குறான்னு உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும்.

— எனக்கும் தெரியும். தங்கச்சி மூஞ்சி ஞாபகம் இல்ல. நாலு வயசுல என்ன ஞாபகம் இருக்கும்? ஒரு பச்சைத் துண்டு ஞாபகம் இருக்கு. அதுல சுத்தி நீங்க தூக்கிட்டுப் போனீங்க. நானும் வரேன்னு அழுதேன்.

— அழுதே. உன்னைத் தார் அடுப்புக்காரன் பொண்டாட்டி பிடிச்சுக்கிட்டா.

— அப்புறம் என்னப்பா? பஸ்ல போனா அங்க நிறுத்த மாட்டாங்க. பைபாஸ் வந்ததும் அந்தப் பஸ்ஸும் நின்னு போச்சு. இப்பதான் நம்ம கையில ஒரு வண்டி இருக்கு. நம்ம சொன்ன எடத்துல நிக்கும்.

— பாப்பா, பசங்களையும் எறக்கணும். ரெண்டு பேரையும். உங்களுக்குச் சித்தின்னு ஒருத்தி இருந்தா, இங்கதான் இருக்கான்னு சொல்லணும். கப்பலைக் காட்டுறோம், கடலைக் காட்டுறோம், மாமன் தொவைக்கிற எடத்தைக் காட்டுறோம். இவளை மட்டும் ஏன் காட்டாம விடணும்?

— எறக்கலாம்மா. கண்டிப்பா எறக்கலாம். நான் எழுதிட்டேன், பாரு. மூணாம் நாள் பழைய ரோடு.

— பாப்பா, அவசரப்படாத. யோசிச்சுச் செய்.

— யோசிச்சாச்சுப்பா. சரி, அடுத்தது.

— ஐயையோ, தூறல் போடுது. மாடியில துணி கெடக்கு. நான் எடுத்துட்டு வரேன். என்னங்க, நான் வரதுக்குள்ள அவ மனசைக் கலைச்சு விட்டுறாதீங்க.

— போ போ. படியைப் பாத்து ஏறு.

— இப்ப சொல்லுங்கப்பா. உண்மையைச் சொல்லுங்க. அந்த ரோடு நல்லாத்தான் இருக்கு. போன வாரம் எங்க ஆபீஸ் வண்டி அந்தப் பக்கமாத்தான் வந்துச்சு. உங்களுக்கு என்ன பிரச்சினை? அழுதுருவோம்னு பயமா? அழுதா அழுதுட்டுப் போறோம்.

— மெதுவாப் பேசு.

— மாடிக்குக் கேக்காது.

— கதவைச் சாத்திட்டு வா.

— சாத்தியாச்சு. சொல்லுங்க.

— அங்க நிக்கிறதுக்கு எடம் இல்ல பாப்பா.

— வண்டி நிக்கவா?

— வண்டி இல்ல. அவ இருந்த எடம். அது இப்ப ரோடு.

— என்னப்பா சொல்றீங்க?

— அதாவது, அப்பவே அளவுக்காரங்க வந்து முளைக்குச்சி அடிச்சுட்டுப் போயிருந்தாங்க. பின்னாடி ரோட்டை அகலப்படுத்துறப்ப எந்தப் பக்கம் எடுக்கணும்னு காட்டுற குச்சி. அதெல்லாம் இடது பக்கம். நான் எண்ணிப் பாத்து, நடந்து பாத்து, வலது பக்கத்துல ஒரு பள்ளத்துல அவளைப் பொதைச்சேன். மத்தவங்க குளத்தங்கரையில வெக்கலாம்னாங்க. வேணாம்னேன். குளத்தை என்னிக்காவது மூடிருவாங்க, ரோட்டோரம்னா யாரும் தொட மாட்டாங்கன்னு சொன்னேன். அளவு தெரிஞ்சவன் இல்லையா நான்? பெரிய இவன் மாதிரி சொன்னேன்.

— அப்புறம்?

— உன் தம்பி பொறந்த வருஷம் அகலப்படுத்த ஆரம்பிச்சாங்க. உங்கம்மா கைப்புள்ளையோட வீட்டுல இருந்தா. நான் போனேன். இடது பக்கம் யாரோ ஒருத்தன் நிலத்தைக் குடுக்க மாட்டேன்னு வழக்குப் போட்டிருக்கான். அளவை வலது பக்கமா மாத்திட்டாங்க. எங்களுக்கு யாரு சொல்றா?

— அதுக்கு முன்னாடியே எடுத்து வேற எடத்துல...

— எப்படி? முன்னாடி போறவன் மண்ணு வெட்டுறவன். அவனுக்குப் பின்னாடி ஜல்லிக்காரன். அவனுக்கும் பின்னாடி ரோலர். நான் தார் ஊத்துற ஆளு, கடைசியா வரவன். நான் அந்த எடத்துக்கு வந்து சேர்றப்ப ஜல்லி போட்டு உருட்டி முடிச்சிருந்தாங்க. பள்ளத்தையே காணோம். தூரத்துல இருந்த பாறையை வெச்சுத்தான் இதுதான் எடம்னு கண்டுபிடிச்சேன்.

— நீங்க என்ன பண்ணீங்க?

— ஊத்தினேன்.

— அப்பா...

— நான் ஊத்தலைன்னா இன்னொருத்தன் ஊத்துவான். வேற எவன் கையோ படறதுக்கு என் கையே படட்டும்னு ஊத்தினேன். தார் மேல உருட்டத் திரும்ப ரோலர் வரப்ப ரோலர்காரன்கிட்ட, அண்ணே, இந்த எடத்துல கொஞ்சம் மெதுவாப் போங்கன்னேன். ஏன்டான்னான். அடியில தண்ணிக் குழாய் இருக்குன்னேன். மெதுவாத்தான் போனான். நல்ல மனுஷன்.

— இத்தனை வருஷமும் அம்மாகிட்ட...

— எப்படிச் சொல்றது? அவ கேக்குறப்பல்லாம் இருக்கு, அப்படியேதான் இருக்குன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை, பக்கத்துல ஒரு செடி மொளைச்சிருக்குன்னு கூடச் சொல்லித் தொலைச்சேன். அன்னிக்கு அவ நல்லாச் சாப்பிட்டா. இப்ப வண்டியில இருந்து எறங்கி, செடி எங்க, பள்ளம் எங்கன்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்? பசங்க முன்னாடி, மாப்பிள்ளை முன்னாடி?

— அழாதீங்கப்பா.

— அழல. இடுப்பு வலி.

— சரி. சரி, நான் பாத்துக்கறேன். பைபாஸ்லயே போயிரலாம். அம்மாகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்.

— என்ன சொல்லுவ?

— பாலம் ஒடைஞ்சிருக்குன்னு சொல்றேன். வண்டியை விடலைன்னா நாம என்ன பண்ண முடியும்?

— நம்புவாளா?

— நான் சொன்னா நம்புவா. ஷ், கதவு. வரா.

— என்ன, கதவைச் சாத்திக்கிட்டு ரகசியம்? மழை வந்தா மனுஷி உள்ள வர வேணாமா? இந்தாங்க, உங்க சட்டையைப் பிடிங்க. பாதி நனைஞ்சு போச்சு.

— காத்து அடிச்சுதும்மா, அதான் சாத்தினோம். அம்மா, ஒரு விஷயம். கோவிச்சுக்காத. டிரைவர் இப்பதான் போன் பண்ணாரு. பழைய ரோட்டுல ஒரு பாலம் ஒடைஞ்சிருக்காம். வண்டியே விடறது இல்லையாம்.

— யாரு போன் பண்ணது?

— டிரைவர்.

— எப்ப?

— இப்பதாம்மா. நீ மாடியில இருந்தப்ப.

— இந்தா, உன் போன். உன் சின்னவ மாடியில படம் பாத்துட்டு அங்கயே விட்டுட்டு வந்துட்டா. நனையாம இருக்க என் இடுப்புல சொருகிட்டு வந்தேன். ஒரு தடவை கூட அடிக்கல.

— அம்மா, அது வந்து...

— என்னங்க, அவகிட்ட சொல்லிட்டீங்களா?

— என்னத்தை?

— தார் ஊத்தினதை.

— இவளே, உனக்கு... யாரு சொன்னா?

— யாரும் சொல்ல வேணாம். அந்த வாரம் நீங்க வீட்டுக்கு வந்தீங்க. எப்பவும் வந்ததும் காலை நீட்டுவீங்க, நான் மண்ணெண்ணெய் போட்டுத் தாரைத் தேய்ச்சு எடுப்பேன். அன்னிக்கு நீட்டல. கைய வெச்சா உதறுனீங்க. அந்தத் தாரோடயே படுத்தீங்க, அந்தத் தாரோடயே சாப்பிட்டீங்க. தோல் உரிஞ்சு அதுவா விழற வரைக்கும் விட்டீங்க. புருஷன் காலு தெரியாதா எனக்கு? மறு வாரம் கைப்புள்ளையைத் தூக்கிட்டு ஜல்லி லாரியில ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

— நீ போனியா?

— போனேன். பாறை இருந்துச்சு. பள்ளம் இல்ல. தார் புதுசா மினுமினுன்னு இருந்துச்சு. உங்க வேலைதான், ஒரு பிசிறு இல்ல.

— தெரிஞ்சும் ஏன்ம்மா கேட்டுக்கிட்டே இருந்த? அப்பாவைப் பாடாப் படுத்தவா?

— சீ, நான் ஏன் படுத்துறேன்? அவரே சொல்லுவாருன்னு கேட்டேன். செடி மொளைச்சிருக்குன்னாரு. சரி, அவருக்காவது ஒரு செடி இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

— என்னை மன்னிச்சிரு.

— அதெல்லாம் வேணாங்க. நீங்களா அளவை மாத்தினீங்க? எவனோ மாத்தினான். அதுக்கு நான் உங்களை ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல.

— அப்ப எதுக்கும்மா அங்க நிக்கணும்? நின்னு எதைப் பாக்கப் போறோம்?

— பாக்க இல்ல. அன்னிக்கு லாரியில இருந்து எறங்கி ரோட்டோரமா நின்னேன். யாரும் இல்ல. ஒரு தடவை கூப்பிட்டுட்டு வந்துரலாம்னு வாயைத் தொறந்தேன். என்னன்னு கூப்பிடுறது?

— பேரு இல்லையா அவளுக்கு?

— ஏது பேரு? நம்ம கூட்டத்துல எந்தப் புள்ளைக்குப் பேரு இருந்துச்சு? எல்லாம் பாப்பா, தம்பி, குட்டி. பேரு கேக்குறது பள்ளிக்கூடத்துலதான். உனக்கும் வாத்தியார்தானே வெச்சாரு? அவ பள்ளிக்கூடம் வரைக்கும் வரலையே.

— நீயே ஒண்ணு வெச்சிருக்கலாமே இவளே.

— நான் வெச்சிருப்பேன். மனசுல எத்தனையோ வந்துச்சு. ஆனா அவ வயித்துல இருக்கறப்ப நீங்க என்ன சொன்னீங்க? இந்தப் புள்ளையை வாத்தியார் கையில விட மாட்டேன், இதுக்கு நான்தான் பேரு வெப்பேன், ரோடு முடியட்டும்னு சொன்னீங்க. அதைக் கேட்டு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? கூடாரம் கூடாரமாப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். அப்புறம் எப்படி நான் வெக்கிறது?

— சொன்னேன். ஆமா, சொன்னேன்.

— அம்மா, இப்ப வேணா நாம எல்லாரும் சேர்ந்து யோசிச்சு...

— நீ சும்மா இரு பாப்பா. இது உன் கணக்கு இல்ல. என்னங்க, வேன் பழைய ரோட்டுல போகட்டும், பைபாஸ்ல போகட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ரோடு ரெண்டு தடவை முடிஞ்சிருச்சு. அந்தப் புள்ளைக்கு நீங்க இன்னும் ஒரு பேரு பாக்கி.