ஆதாரம் இல்லாத வரி

— மொதல்ல உக்காருங்கக்கா. பஸ்ஸுல நின்னுக்கிட்டேவா ஹட்டனுக்கு வந்தீங்க?

— உக்கார வரலடா ஜூட்சன். காலையில வேல பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக்களத்துல ஒட்டியிருந்த தாளக் கிழிச்சிட்டு வந்திருக்கேன். ‘இந்தக் களைமருந்த அளவா அடிச்சா ஒடம்புக்கு ஆபத்தில்ல.’ இது உண்மதானா?

— நான் இணையக் கலைக்களஞ்சியத்துல எழுதினதுதானேக்கா. அதுல யாரு வேணும்னாலும் எழுதலாம், திருத்தலாம்...

— யாரு வேணும்னாலுமா? அப்ப ‘அடிக்கிறவங்களுக்கு கிட்னி பழுதாகுது’ன்னு ஒருத்தரும் எழுதலயா?

— எழுதினாங்க. மலைச்சாரல்ங்கிற பேருல ஒருத்தர். ஆறு தடவ.

— எங்க அந்த வரி?

— ஆறு தடவயும் நான்தான் அழிச்சேன். ‘எங்க தோட்டத்துல நாலு பேரு படுத்துட்டாங்க’ன்னா அது ஆதாரமாகாதுக்கா. அச்சுல வந்திருக்கணும், ஆராய்ச்சி இருக்கணும். சும்மா பீதியக் கெளப்பக் கூடாது. அதுதான் அங்க சட்டம்.

— ஆத்தாடி, நல்ல சட்டம்! ஆபத்தில்லன்னு நீ எழுதினியே, அதுக்கு என்னா ஆதாரம்?

— ஒங்க கையில இருக்கிற தாளுதான்.

— டேய், இது நீ எழுதினதப் பாத்து தோட்டத்து ஆபீஸ்ல அச்சடிச்சதுடா. நத்தார் பண்டிகைக்கு வந்தப்ப நீயே பெருமையாச் சொன்னியே!

— ஆமாக்கா. மொதல்ல மருந்து டப்பாவுல போட்டிருந்ததப் பாத்து எழுதினேன். அவங்க அத எடுத்து அச்சடிச்சாங்க. மலைச்சாரல் என்கிட்ட ஆதாரம் கேட்டப்ப, அந்தத் தாளையே தூக்கிக் காட்டினேன். தெரிஞ்சேதான் காட்டினேன். நான் ஒரு வாத்தியாரு, யாரோ ஒருத்தருகிட்ட தோக்குறதான்னு ஒரு வீம்பு.

— ஒனக்கு நீயே சாட்சி சொல்லிக்கிட்டியா?

— மூணு வாரமா பூசைக்குப் போறேன், சாமியார் கையால நன்ம அப்பம் வாங்க முடியலக்கா. வரிசையில நின்னுட்டு திரும்பிடுறேன். மச்சானுக்கு இப்ப எப்புடி இருக்கு?

— காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. கிட்னி பழுதாம். மருந்தடிச்சதாலயான்னு கேட்டேன். டொக்டர், தெரியாதும்மாங்கிறாரு.

— தெரியாது... நானும் அதத்தானே எழுதியிருக்கணும். இன்னும் சரியாத் தெரியாது, பாத்து அடிங்கன்னு எழுத என் கை வரலயே. இன்னைக்கே மாத்துறேன்க்கா.

— மாத்து.

— என்னயத் திட்டுங்க. ரெண்டு அறை வேணும்னாலும் அறைங்க.

— ஒன்னத் திட்ட எனக்கு என்னாடா வாய் இருக்கு? ஒன் மச்சான் தை மாசமே மருந்து டாங்கிய எறக்கி வச்சிட்டாரு. ஒடம்பு தாங்கல றோசலின், இனி மருந்தடிக்க மாட்டேன், தேயில கவ்வாத்து வெட்டப் போறேன்னாரு. நான்தான் இந்தத் தாளக் காட்டி, எந் தம்பி பொய் எழுத மாட்டான்னு மாதா மேல சத்தியம் பண்ணி, திரும்பவும் அவரு முதுகுல ஏத்திவிட்டேன்.