பின்னிணைப்பில் பதினொரு பேர்

பேசப் போகும் முன் நான் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை, தொண்டை கட்டிக்கொள்ளும். இந்த டம்ளரில் இருப்பதுபோல வெதுவெதுப்பாக இருந்தால் போதும். நன்றி.

எங்கள் கம்பெனியின் புது மூட்டுவலி மாத்திரையைப் பற்றி அரசின் நிபுணர் குழு முன் பேச எனக்குக் கொடுத்தது இருபது நிமிடம். விற்பனைக்கு அனுமதி கிடைப்பது அந்தப் பேச்சின் கையில் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் பலருக்குப் பேச வராது. ஒரே திரையில் நாலு வரைபடம், நாற்பது எண் என்று கொட்டிவிட்டு, தாங்களே அதில் வழிதவறி நிற்பார்கள். நான் அப்படியில்லை. ஒரு படம், ஒரு செய்தி. சோதனையில் மாத்திரை சாப்பிட்ட அறுநூறு பேரின் வலி மூன்றே மாதத்தில் பாதியானதைச் சொல்ல ஒரு கோடு போதும்.

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் புள்ளிவிவரம் பார்த்த பெண்ணைத் 'தசமம்' என்று கூப்பிடுவோம். புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்றாவது இலக்கத்தைக்கூட விடமாட்டாள். ஒத்திகை பார்த்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"சார், ஈரல் கெட்டுப்போன அந்தப் பதினொரு பேர் எங்க?"

"பின்னிணைப்புல இருக்காங்கம்மா. நூத்தி நாப்பதாம் பக்கம்."

"அதுல ரெண்டு பேர் செத்துட்டாங்க சார். பதினொரு பேருக்குமே முன்னாடி மஞ்சக்காமாலை வந்திருக்கு. அதைப் படத்துல காட்ட வேணாமா?"

"காட்டினா பேச்சு அங்கேயே நின்னுடும்."

நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று பத்தொன்பது நிமிடம் ஐம்பது நொடி பேசினேன். கேள்விக்கு நேரமில்லை என்றார் தலைவர். கடைசி வரிசையில் தசமத்தின் கை உயர்ந்தபடியே இருந்தது. கைதட்டலுக்கு நடுவில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? மறுவாரம் அவளை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதினேன். பாவம், ரொம்பவும் களைத்துப்போயிருந்தாள்.

மாத்திரை கடைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா, அதாவது அக்காவின் கணவர், சில மாதங்களாகவே மாடிப்படி ஏற முடியாமல் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், டாக்டர் உங்க மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கார். எனக்கு ஒத்துக்குமா?"

இரண்டு வருடம் முன்பு மாமாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூடவே இருந்தவன் நான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். அவர் விட்டாலும் அக்கா விடமாட்டாள். துருவித் துருவிக் கேட்பாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற விஷயமா அது?

"தாராளமா சாப்பிடுங்க மாமா," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஏழாவது வாரம் கண்கள் மஞ்சளாயின. ஒன்பதாவது வாரம் போய்ச் சேர்ந்தார். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் என்பது உங்கள் விசாரணைக் கோப்பில் இருக்கும், நான் பார்க்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆம், அந்தப் பதினொரு பேரைத் தெரிந்தேதான் விட்டேன். மாமாவிடமும் தெரிந்தேதான் சொன்னேன்.

அக்காவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. நீங்கள் யாரும் அவளிடம் போக வேண்டாம், குழப்பிவிடுவீர்கள். இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். நன்றாகத் தயார் செய்துகொண்டு, அவளுக்குப் புரிகிற மாதிரி நானே சொல்லிவிடுகிறேன்.