சிங்க்கில் கொட்டிய தண்ணீர்

தாம்பரம் பேருந்து மேடவாக்கத்தில் தண்ணி லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“குடல் கத்தினதை சிங்க்ல கொட்டிட்டேன்டி.”

கழுத்தில் ஐடி கம்பெனி அட்டை தொங்கிய தோழி திரும்பினாள். “என்னது?”

“லேப்ல குடல் செல்லு மேல பாக்டீரியா விட்டேன்ல? கிருமி வந்துடுச்சுன்னு மத்த செல்லுக்குச் சொல்ல அந்தக் குடல் செல்லு ஒரு புரோட்டீனை வெளிய விடும். செல்லு மேல நிக்கிற தண்ணியிலதான் அந்த புரோட்டீன் இருக்கும், அதைத்தான் அளக்கணும். பழக்கதோஷத்துல, கிருமி சாகட்டும்னு பிளீச் ஊத்தி அந்தத் தண்ணியைக் கொட்டிட்டேன். செல்லை மட்டும் பத்திரமா ஃப்ரீசர்ல வச்சிருக்கேன்.”

“உங்க கைடு மேடத்துக்குத் தெரியுமா?”

“ரெண்டு நாளா சொல்லல. இன்னைக்கு ரிசல்ட் கேப்பாங்க.”

லேப் கதை சொன்னவளின் மடியில் போன் அதிர்ந்தது. திரையில் ‘மேடம்’. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

தோழி எடுத்து அவள் கையில் திணித்தாள்.

“கண்ணுக்குத் தெரியாத செல்லு, அதுவே உடனே சொல்லிடுது. பேசுடி.”