ஓவசியர் வெளியே நின்றார்

எங்கள் நகரசபைக் கந்தோருக்கு முன்னால் நிற்கிற வேம்பில் எத்தனை கிளை என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். பதினொன்று. அதன் கீழே அத்தனை நேரம் நின்றிருக்கிறேன், ஐயா.

ஒப்பந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கிற மூன்று பேரைத்தான் கேள்விச் சபை என்கிறோம். கட்டட வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் என்ற முறையில் நானும் அதில் ஒருவன். விண்ணப்பித்தவன் நமக்குச் சொந்தக்காரன் என்றால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். விதி அப்படி. மற்றவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு கதிரையிலேயே இருந்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. என் மனைவி யோசப்பினின் தம்பி பிலிப்புவின் கடதாசி மேசைக்கு வந்தால், பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு வேம்படிக்குப் போய்விடுவேன். “ஓவசியர் வெளியே நின்றார்” என்று கூட்டக் குறிப்பில் எழுதுவார்கள். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

எண்பத்தாறில் ஆமி முகாமிலிருந்து ஷெல்லடி கூடியபோது, சனம் பதுங்குவதற்கு நகரசபை மூன்று பங்கர்கள் கட்டியது. மீன்சந்தையில் ஒன்று, வாசிகசாலை வளவில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. மூன்று வேலையும் பிலிப்புவுக்குத்தான் கிடைத்தன. என் முகத்துக்காகக் கொடுத்தார்கள் என்று ஊரில் கதைத்தார்கள். என் முகம் அந்த நேரம் வேம்படியில் இருந்தது.

வேலை முடிந்ததும் தரம் சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவன் ஓவசியர். அதற்கு எழுந்து போகச் சொல்லி எந்த விதியும் இல்லை. பிலிப்பு கடற்கரை மண்ணைக் கழுவாமல் அப்படியே சீமெந்தோடு குழைத்தது எனக்குத் தெரியும். சீமெந்தும் பாதிதான்.

“அத்தான், பாதை பூட்டிக் கிடக்கு, லொறி வராது. என்ன செய்யச் சொல்லுறியள்?” என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த தை மாதம், பெருமழை விட்ட பிறகு, ஹெலிகொப்ரர் சுட்டுக்கொண்டு வந்த ஒரு காலையில் சந்தைச் சனம் பங்கருக்குள் ஓடியது. மேலே போட்டிருந்த கொங்கிறீற்று மண்மூட்டைகளோடு உள்ளே விழுந்துவிட்டது. ஐந்து பேர் செத்தார்கள். மீன் விற்கிற செபஸ்தியம்மாவைப் பக்கத்தில் கிடந்த கடகப் பெட்டியை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். ஷெல் விழுந்தது என்று நான் அறிக்கை எழுதினேன். அன்று எங்கேயும் ஷெல் விழவில்லை. ஆனால் விழக்கூடிய நாள்தான்.

சனம் நம்பவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிவசுப்பிரமணியத்தை விசாரிக்கச் சொன்னது நகரசபை. சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வருவார். நேர்மையான மனிதர், அதை இப்போதும் சொல்லுவேன். இடிபாட்டில் ஒரு துண்டை எடுத்து, வேட்டியில் துடைத்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

“உப்புக் கரிக்குது. ஓவசியர், உமக்கு இது தெரியுமோ?”

“கடற்கரை ஊர், மாஸ்ரர். இஞ்சை எல்லாம் உப்புத்தான்.”

அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வாசிகசாலைப் பங்கரைப் பார்க்க வந்தார். சந்தையில் நடந்ததற்குப் பிறகு அதற்கு இரண்டு பனங்குற்றிகளை முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். வாசற்படியில் என்னை மறித்தார்.

“பிலிப்பு உம்மடை மச்சான். நீர் உள்ளை வரக்கூடாது. வெளியிலை நில்லும்.”

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். பத்து வருடமாக யாரும் சொல்லாமலே வெளியே நின்றவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா?

அவர் ரோர்ச் லைற்றை அடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார். அவர் எழுதி முடித்தால் இயக்கம் பிலிப்புவை லைற் போஸ்ற்றில் கட்டிச் சுடும். யோசப்பினுக்கு அவன் ஒருவன்தான் உடன்பிறப்பு. அவனுக்குப் பிறகு என்னைக் கட்டுவார்கள். வேலைக்காரர் விட்டுப்போன சம்மட்டி படியோரம் கிடந்தது. முதல் முட்டு வெளியே நின்றபடியே எட்டுகிற தூரம்.

அதை எடுத்து முட்டில் மூன்று அடி அடித்தேன். “ஆர் அது?” என்று கேட்டார். கூரையில் ஒரு பாதி இறங்கியது.

புழுதி அடங்கியபோது அவர் சாகவில்லை. “ஓவசியர், கால் மாட்டிப்போச்சு. ஆக்களைக் கூப்பிடும்,” என்றார். அப்போதும் என்னை நம்பினார். பாவம்.

அவர் தலைக்கு மேலே இருந்த துண்டை இரண்டாவது முட்டுத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை அடிப்பதற்கு ஒரு காலை உள்ளே வைக்க வேண்டியிருந்தது. இடது கால். அது பிழைதான், ஐயா. அதை ஒப்புக்கொள்கிறேன். அவர் என் கணுக்காலை எட்டிப் பிடித்தார். தூக்கிவிடச் சொல்லித்தான் பிடித்திருப்பார். முதலில் அந்தக் கையை அடித்தேன். இரண்டாவது அடியில் விரல்கள் விட்டன. பிறகு அந்தப் பனங்குற்றியை அடித்தேன். காலை வெளியே எடுத்துக்கொண்ட பிறகுதான் எல்லாம் விழுந்தது. ஆகவே அவர் செத்த நேரம் நான் வெளியேதான் நின்றேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னை விசாரிக்கத் தொடங்கியதிலிருந்து, பள்ளிக்கூடத்துப் பங்கர் எப்படி என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். அதற்கு முட்டுக் கொடுக்கவில்லை. பனங்குற்றி இரண்டுதான் இருந்தது. அது தாங்குமா, தாங்காதா என்று என்னிடம் கேட்பது முறையல்ல. பிலிப்புவின் வேலை அது. நான் வாய் திறக்கக்கூடாது.

ஹெலிச் சத்தம் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். என்ன செய்வது என்று நீங்கள் முடிவெடுங்கள், ஐயா. அதுவரை நான் வேம்படியில் நிற்கிறேன்.